ராயபுரத்தின் கரையும் நகரத்தின் கடனும்

வெளியூரிலிருந்து வரும் விருந்தினரை மெரினாவுக்கு அழைத்துக்கொண்டு போய், அதன் விஸ்தாரமான மணற்பரப்பைக் காட்டிப் பெருமைப்படுவது சென்னைவாசிகள் அனைவருக்கும் வழக்கமாகிவிட்ட காரியம். சாலையிலிருந்து இறங்கி அலையைத் தொடுவதற்குள் கால் வலிக்கும் அளவுக்கு அங்கே மணல் விரிந்து கிடக்கிறது. அதே சமுத்திரத்தின் ஓரத்தில், துறைமுகத்தின் மதிலைக் கடந்து வடக்கே ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் போகிறவர்கள் காண்பது வேறு காட்சி. அங்கே நெடுந்தூரத்துக்குக் கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய கரைச்சுவரின் மேல் அலை வந்து மோதுகிறது. சுவரை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டி வீடுகள். வலையை விரிக்க மணல் இல்லாமல் சாலையோரத்தில் விரித்திருக்கிறார்கள். கருவாடும் அங்கேதான் காய்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. தெற்கே குவிந்த மணலில் பெரும்பகுதி வடக்கே போய்ச் சேரவேண்டியிருந்த மணல் என்பதும், நடுவில் நின்று அதைத் தடுத்தது நாமே கட்டிய துறைமுகம் என்பதும் பொறியியல் அறிந்தவர்களுக்குப் பழைய விஷயம். ஆனால் நகரத்தின் ஞாபகத்தில் அது ஏறவேயில்லை. ராயபுரத்துக்குச் செய்யப்படும் ஒவ்வொரு காரியமும் ஏழைகளுக்கு இரங்கிச் செய்யும் உபகாரமாகவே இன்றும் எண்ணப்படுகிறது. அது உபகாரம் அல்ல, கடன் என்பதே நான் சொல்ல விரும்புவது.

இயற்கை சென்னைக்குத் துறைமுகம் எதையும் அருளவில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மணற்கரையில் வர்த்தகம் செய்ய அனுமதி பெற்றபோது இங்கே விரிகுடா இல்லை, ஆழமான கழிமுகம் இல்லை, புயலுக்கு ஒதுங்கும் முனையும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையில் அலைகள் வரிசை வரிசையாக மடிந்து விழுந்துகொண்டிருக்கும். அந்த அலைகளைக் கடந்து மனிதரையும் மூட்டைகளையும் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றினால் தைத்து, இணைப்புகளில் வைக்கோலைத் திணித்துக் கட்டப்பட்ட அந்தப் படகுகளின் விசேஷம் அவற்றின் நெகிழ்ச்சியே. அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோக, தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரையேறும். கடல் கொந்தளித்துப் படகு இறங்க முடியாத நாட்களில், கட்டுமரக்காரர்கள் கடிதங்களை நனையாதபடி தலையணிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்கு நீந்தியும் துடுப்பு வலித்தும் போய்வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சென்னையின் ஏற்றுமதியும் இறக்குமதியும், கவர்னர்களின் வருகையும் கைதிகளின் பிரயாணமும், ஆக இந்நகரத்தின் ஐசுவரியம் முழுவதும் இந்தக் கடலோர ஜனங்களின் தோள்களின் மேலேயே ஏறி இறங்கிற்று.

அந்தப் படகுக்காரர்களும் மீனவர்களும் குடியிருந்து வளர்த்த ஊர்களில் ராயபுரம் தலையானது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இராயப்பர் என்று வணங்கும் அர்ச். பேதுருவும் ஒரு மீனவரே. அவர் பெயரால் படகுக்காரர் சமூகத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. பிரெஞ்சுக்காரரின் முற்றுகைக்கும் ஹைதர் அலியின் குதிரைப்படைக்கும் அஞ்சி 1770ஐ ஒட்டிக் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பியபோது, ராயபுரம் அதற்கு வெளியே, வடக்கே விடப்பட்டது. அம்மதிலில் மிஞ்சிய துண்டு மாடிப் பூங்கா என்ற பெயரில் பழைய ஜெயில் சாலையில் இருக்கிறது. அதை அறிந்து ஏறிப் பார்ப்பவர் அரிது. ஹைதரின் படையெடுப்பைத் தொடர்ந்த பஞ்சத்தில் மதிலுக்கு வெளியே அகதிகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே காலக்கிரமத்தில் மருத்துவமனையாக வளர்ந்து ஸ்டான்லி என்ற பெயரைப் பெற்றது. வடசென்னையின் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் இடமாக ஆனதைவிட ஓர் ஊருக்குக் கௌரவமான சரித்திரம் வேறு என்ன இருக்க முடியும்? வர்த்தகத்தின் பொருட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்த பார்சிகள் தங்கியதும் ராயபுரத்தில்தான். 1910இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவர்களுடைய அக்கினி ஆலயம் அரத்தூண் சாலையில் இன்னும் சுடர் அணையாமல் விளங்குகிறது. படகோட்டியும் பார்சியும், சலவைத் தொழிலாளியும் தெலுங்கு வணிகரும், தர்காவும் தேவாலயமும் அம்மன் கோயிலும் ஒரே தெருமுனையில் சந்திக்கும்படியான ஊர் அது.

ரயில் வந்தபோதும் அது முதலில் ராயபுரத்துக்கே வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரயில் ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளில் தென்னாட்டின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1856 ஜூன் மாத இறுதியில் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 63 மைல் தூரத்துக்கு, ஜனங்கள் பிரயாணம் செய்தார்கள். உயர்ந்த தூண்களும் அகன்ற மண்டபமும் கொண்ட அந்தக் கட்டடம் ஒரு சீமான் மாளிகையின் தோற்றம் உடையது. பம்பாயிலும் ஹௌராவிலும் ஆதியில் எழுந்த ஸ்டேஷன்கள் மறைந்துவிட்டபடியால், இந்தியாவில் இன்று எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது இதுவே. 1862இல் பாதை மேற்குக் கரையின் பேப்பூரை எட்டியபோது, ராயபுரத்தில் ஏறியவர் வங்கக் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு அரபிக் கடலின் ஓரத்தில் இறங்க முடிந்தது. 1873இல் சென்ட்ரல் எழுந்தது. பிறகு முதன்மை சிறிது சிறிதாக அங்கே போயிற்று. 1922இல் ரயில்வேயின் தலைமை அலுவலகமும் போயிற்று. வந்ததை வைத்துக்கொள்ள ராயபுரத்துக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை.

இனித் துறைமுகத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். புயல்களும் கப்பல்களும் அதைத் திரும்பத் திரும்பச் சிதைத்தன. பிறகு, கடலுக்குள் இரண்டு பெரும் கரங்களை நீட்டி நடுவே அமைதியான நீரைச் சிறைப்படுத்துவது என்ற திட்டம் பிறந்து, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். வேலை ஏறக்குறைய முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அந்தக் கரங்களை உடைத்து வீசிற்று. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று. அவ்வளவு பாடுபட்டும், கிழக்கு நோக்கித் திறந்திருந்த வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து, வடகிழக்கே புதிய வாயில் திறந்து, அதைக் காக்க மேலும் ஒரு கரத்தை நீட்டிய பிறகே துறைமுகம் நிலைபெற்றது. 1912இல் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனுக்கு ஆதரவு தந்தவர் என்ற முறையில் இந்த ஸ்பிரிங்கைத் தமிழர்கள் அறிவார்கள். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு. ஆயினும் இந்த நகரத்தின் கரைகளை ஒரு நூற்றாண்டுக்கு நிர்ணயித்த கைகளில் அவருடைய கையும் ஒன்று என்பதைச் சேர்த்து நினைப்பது நல்லது.

வாயில் ஏன் தூர்ந்தது என்ற கேள்விக்குள்தான் ராயபுரத்தின் விதி அடங்கியிருக்கிறது. நம் கடற்கரை நெடுகிலும் மணல் அசையாமல் கிடப்பதில்லை. அது பிரயாணம் செய்துகொண்டே இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. பங்குனி முதல் ஐப்பசி வரையிலான நீண்ட காலத்தில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையின் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் அது ஓரளவு திரும்பி வருகிறது. போவது அதிகம், வருவது குறைவு. இடையில் தடை ஏதும் இல்லாதவரை இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஏனெனில் ஒரு கரையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மணலின் இடத்தில் அதற்குத் தெற்கே இருந்த கரையின் மணல் வந்து அமர்ந்துகொள்ளும். துறைமுகத்தின் கரம் கடலுக்குள் நீண்டவுடன் இந்தப் பரிமாற்றம் அறுபட்டது. தெற்கிலிருந்து வந்த மணல் மதிலின் தென்புறம் தேங்கித் தேங்கி மெரினாவாக அகன்றது. ஒரு காலத்தில் கடல் வெகு அருகில் வந்து போன கோட்டைக்கு எதிரே இன்று பரந்த நிலம் இருக்கிறது. கூவத்தின் முகத்துவாரமும் அந்த மணலாலேயே அடைபட்டது. வடபுறத்திலோ, அலை தன் வழக்கப்படி மணலை எடுத்துச் சென்றுகொண்டிருந்தது. அதை ஈடு செய்யத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. ராயபுரத்தின் கரை கரைந்தது, காசிமேட்டின் கரை கரைந்தது, பிறகு திருவொற்றியூரை நோக்கி அரிப்பு நடந்தது. கல் கொட்டி ஓர் இடத்தைக் காத்தால் அதற்கு வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்தைக் கடல் தின்னும். ஆகவே ஒவ்வொரு கற்சுவரும் அடுத்த கற்சுவருக்குக் காரணமாயிற்று. சிறு நிலப்பரப்பை மட்டும் இவ்வாறு இழந்ததாக எண்ணலாகாது. தெருக்களும் கோயில்களும் படகு ஏற்றிவைக்கும் திடல்களும் பிள்ளைகள் விளையாடும் வெளிகளும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் போய்விட்டன.

அண்ணாதுரை 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் ஒரு புதிய இயக்கத்தைத் தொடங்கிப் பேசியது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அவருடைய வார்த்தையைக் கேட்க நனைந்துகொண்டு நின்றவர்களில் வடசென்னையின் உழைப்பாளிகள் மிகுதியாக இருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் அடக்கம் செய்யப்பட்டதோ மெரினாவின் வட கோடியில், துறைமுக மதில் சேர்த்துக் கொடுத்த மணல்வெளியில். அந்தச் சமாதியைத் தரிசிக்க வரும் லட்சோபலட்சம் ஜனங்களும் அவர்களை ஆள வந்த தலைவர்களும், தாங்கள் நிற்கும் மணலுக்கும் அவர் பேசத் தொடங்கிய ஊரின் இழப்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு கணம் சிந்தித்திருந்தால், வடகரையின் சரித்திரம் கொஞ்சமாவது மாறியிருக்கும் என்றே நம்புகிறேன்.

துறைமுகம் ராயபுரத்துக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். மூட்டை தூக்கவும் பாரம் இறக்கவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. படகு வலித்த குடும்பங்களின் பிள்ளைகள் துறைமுகத் தொழிலாளர்களானார்கள், சங்கம் வைத்தார்கள், நிலையான சம்பளம் வாங்கினார்கள், மக்களைப் படிக்கவைத்தார்கள். ஆனால் சரக்கு கண்டெய்னர்களில் வரத் தொடங்கியபோது அந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது. இந்தியாவில் கண்டெய்னர்களுக்கென்றே அமைந்த முதல் முனையம் 1983இல் திறக்கப்பட்டது சென்னையில்தான். பளு தூக்கும் யந்திரம் உள்ளே வந்தது. லாரிகளின் வரிசை வெளியே வந்தது. ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலை நெடுகிலும் நிற்கும் அந்த வரிசையைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு, வேலை யாருக்குப் போயிற்று, விபத்தும் புகையும் யாருக்கு மிஞ்சின என்று விளக்க வேண்டியதில்லை. நிலக்கரித் தூசும் அவ்வாறே. கொடியில் உலர்த்திய துணியில் கரி படிந்ததையும் குழந்தைகளின் மூச்சு இரைத்ததையும் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2011இல்தான் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தை விட்டு அகன்றன. அவை அகன்று சேர்ந்த இடங்களில் எண்ணூரும் ஒன்று. வடகரையை விட்டு அவை வெளியேறவில்லை.

மீன்பிடித் துறைமுகம் ஒன்றே இவ்வூர் தன்னுடையது என்று மார்தட்டிச் சொல்லக்கூடிய பெரிய ஸ்தாபனம். 1975இல் தொடங்கி 1984இல் பயனுக்கு வந்த அது இன்று இந்நகரத்துக்கே மீன் ஊட்டுகிறது. பொழுது விடிவதற்கு வெகுமுன்பே அங்கே போய்ப் பார்க்க வேண்டும். நாட்கணக்கில் கடலில் தங்கித் திரும்பிய விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்க, ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குத் தாவித் தாவிக் கூடைகள் கரைக்கு வருகின்றன. வஞ்சிரமும் வவ்வாலும் தனியே, சங்கரா தனியே, கானாங்கெளுத்தி குவியல் குவியலாக. ஏலம் கூறுகிறவர் வாயிலிருந்து தொகை ஏறிக்கொண்டே போக, சுற்றி நிற்கும் பெண்கள் பேச்சில்லாமல் விரலசைவினாலும் தலையசைப்பினாலும் கேள்வி வைக்கிறார்கள். தனியாக ஒரு கூடையை எடுக்கக் கையில் பணம் போதாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்து, அங்கேயே தரையில் பங்கு வைத்து, அன்னக்கூடையில் அள்ளி ஐஸ்தூளைக் கொட்டி, முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். தாம்பரத்திலும் அண்ணாநகரிலும் காலையில் மீன் வாங்குகிற இல்லத்தரசிகள் அறியாத உழைப்பு இது. சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை வரும். அந்நாட்களில் படகுக்குச் சாயம் அடிக்கும் ஓசையும் வட்டிக்குக் கடன் கேட்கும் பேச்சுமே இங்கே மிகுதி. ஃபைபர் படகுக்காரனின் நிலைமை இன்னும் வேறு. முன்னாளில் அவன் தன் குப்பத்துக்கு எதிரேயுள்ள மணலில் படகை ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்து போனான்; மணல் போன பிறகு அவனும் இடநெருக்கடி மிகுந்த இந்தத் துறைக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? கற்சுவர் அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதியை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சுனாமிக்குப் பிறகு கடலுக்குள் குறுக்காக அமைத்த கல்லணைகளின் இடுக்கில் சில இடங்களில் கொஞ்சம் மணல் தங்கியிருப்பதும் உண்மையே. ஆனால் நோயின் மூலம் மணல் வராமை. மணலைக் கொடுப்பதே அதற்குப் பரிகாரம். விசாகப்பட்டினத்தில் வெளித்துறைமுகம் கட்டியபோது, தேங்கும் மணலை வாரி நகரத்தின் கடற்கரைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து ஆண்டுதோறும் நடத்திவருகிறார்கள். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தினால் கரையை இழந்து, முப்பது ஆண்டுகள் கற்குவியலையே கடற்கரை என்று பார்த்திருந்த ஜனங்கள், நீருக்கடியில் ஒரு தடுப்பை அமைத்து மணலையும் ஊட்டிய பிறகு தங்கள் வீதிக்கு எதிரே மறுபடியும் மணல் படிவதைக் கண்டார்கள். அங்கெல்லாம் சாத்தியமானது இங்கே அசாத்தியம் என்று சொல்ல நியாயம் இல்லை. ராயபுரத்தில் கடல் ஆழம் அதிகரித்துவிட்டது, செலவு மிகும் என்பார்கள், இருக்கலாம். நூறு வருஷத்துக்கு மேல் தவணை கட்டாத கடனுக்கு வட்டி மிகுந்துதான் இருக்கும்.

இதைச் சொல்வதற்கு இன்று விசேஷமான அவசரமும் உண்டு. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அடுத்துக் காட்டுப்பள்ளியில் ஒன்று வந்தது. அதை மேலும் பெருக்கும் யோசனைகளும் வந்துள்ளன. கடலுக்குள் நீளும் ஒவ்வொரு புதிய கரத்துக்கும் வடக்கே ஒரு ராயபுரம் இருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே இருப்பதோ பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மெல்லிய மணல்திட்டும், அதை நம்பிய மீனவர் கிராமங்களும். ராயபுரம் கரைந்தபோது நமக்குத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இனி அந்தச் சமாதானம் செல்லாது.

ரயில் நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பழுது பார்த்து வெள்ளையடித்து வைத்திருப்பது சந்தோஷம். அதைச் சுற்றி ரயில்வேக்கு விஸ்தாரமான நிலம் இருக்கிறது. சென்ட்ரலும் எழும்பூரும் நெருக்கடியில் திணறுகின்றன. ராயபுரத்தை மீண்டும் நெடுந்தூர வண்டிகள் புறப்படும் முனையமாக்க வேண்டும் என்பது அப்பகுதி ஜனங்களின் பல நாளைய கோரிக்கை. அதை நிறைவேற்றினால் லாபம் ராயபுரத்துக்கு மட்டுமல்ல.

ஆனால் முதல் கோரிக்கை மணலே. துறைமுக நிர்வாகம் ஆண்டுதோறும் வாயிலிலும் கால்வாயிலும் தூர் வாருகிறது. வாருவதில் சேறு எவ்வளவு, நல்ல மணல் எவ்வளவு என்று அளந்து, மணலை ஆழ்கடலில் கொட்டாமல் வடகரைக்குக் கொடுப்பதைச் சட்டபூர்வமான கடமையாக்க வேண்டும். மதிலின் தென்புறத்தில் இன்னும் தேங்கும் மணலில் ஒரு பங்கும் அதனுடன் சேர வேண்டும். எந்த ஆண்டில் எவ்வளவு வாரினார்கள், எந்தக் குப்பத்துக்கு எதிரே எவ்வளவு கொட்டினார்கள், கரை எத்தனை அடி முன்னேறியது அல்லது பின்வாங்கியது என்ற கணக்கைத் தமிழில் எழுதி, காசிமேட்டு ஏலக்கூடத்தின் வாசலில், மீன் விலை எழுதும் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். அந்தக் கணக்கு சரியா தவறா என்று சரிபார்க்கும் உரிமை, தெண்டியும் வன்னியும் அறிந்த அந்த ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு இருக்க வேண்டும்.